கிட்டார் டாப்: ஸ்ப்ரூஸின் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"மாஸ்டர், சிட்கா வாங்கலாமா, எங்கல்மான் வாங்கலாமா? அடிரான்டாக்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இன்னும் ஒசத்தியாமே?"

இரண்டாவது கிட்டார் வாங்க நினைக்கிற மாணவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார். மூன்றும் ஸ்ப்ரூஸ் மரத்தின் வகைகள்; டாப், அதாவது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் கிட்டாரின் முன்பலகை, பெரும்பாலும் அந்த மரத்தில்தான் செய்வார்கள். முதல் கிட்டாரை வீட்டில் யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது சொந்தக் காசு, அதனால் கவலையும் அதிகம். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் பிள்ளைகள், காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் வெளியூர்ப் பையன்கள், ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து மாலையில் வரும் நர்ஸ்கள் என்று வேலூரில் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பலவிதம். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். டாப் முழுப் பலகையா, ஒட்டுப் பலகையா என்று முதலில் பார். அந்தப் பலகையை மரத்திலிருந்து எந்தத் திசையில் அறுத்திருக்கிறார்கள் என்று அடுத்தது பார். எந்த ஸ்ப்ரூஸ் என்பதை மூன்றாவதாக வை. நம் ஊர் வெயிலில் கிட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வரிசை ரொம்பவே முக்கியம்.

டாப்புக்கு ஏன் இத்தனை மரியாதை? கம்பி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அந்த அதிர்வு கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டையான சேடிலில் இறங்கி, அதைத் தாங்கி டாப்பில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாக டாப்புக்குப் போய், டாப் காற்றைத் தள்ளும்போதுதான் சத்தம் பிறக்கிறது. லைட் கேஜ் என்கிற மெல்லிய ரக ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கிற விசை 70 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கி நிற்கும் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிரேசிங் குச்சிகள் துணைக்கு நிற்கின்றன. எடை குறைவாகவும் இருக்க வேண்டும், இழுப்புக்கு வளையாமலும் நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த மரம் ஸ்ப்ரூஸ். காய்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டர் 400 முதல் 450 கிலோ வரை இருக்கும். தேக்கு 600 கிலோவுக்கு மேல். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானச் சட்டங்களுக்கு சிட்காவைத் தேடித்தேடி வெட்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஸ்பெயினில் அன்டோனியோ டி டோரஸ் என்ற கிட்டார் செய்யும் கலைஞர் 1862இல் ஒரு கிட்டார் செய்தார். பின்பக்கமும் பக்கவாட்டும் காகித அட்டை, டாப் மட்டும் ஸ்ப்ரூஸ். கிட்டாரின் குரல் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் கையாலேயே செய்து காட்டிவிட்டார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த ஆறு கிட்டார்களை 52 கிட்டாரிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி போட்டு, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரத்துக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் அவர்களுக்குப் படவில்லை. கடையில் "பேக் அண்ட் சைடு ரோஸ்வுட் சார்" என்று அடித்துச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். கையில் இருக்கும் காசு முதலில் டாப்புக்குப் போகட்டும்.

இனி பார்க்கும் முறை. மிகக் குறைந்த விலைக் கிட்டார்களில் டாப் ஸ்ப்ரூஸாகவே இருக்காது. லிண்டன் அல்லது பாஸ்வுட் ஒட்டுப்பலகைமேல் மஞ்சள் பாலிஷ் அடித்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்ப்ரூஸ் குளிர் தேசத்து மரம். வசந்தத்தில் வேகமாக வளரும்போது வெளிர் நிறத்தில் அகலமான பட்டையும், கோடை முடிவில் வளர்ச்சி தளரும்போது கருத்துக் கெட்டியான மெல்லிய கோடும் உண்டாகும். ஒரு வருஷத்துக்கு ஒரு ஜோடி. கிட்டாரின் கழுத்திலிருந்து அடிவரை நேர்க்கோடுகளாக ஓடுவது இவைதான். லிண்டனில் இந்தக் கோடுகள் எடுப்பாகத் தெரியாது, பலகை வெறுமையாகக் கிடக்கும். நம்ம வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எடுக்கும் பலா மரத்திலும் இப்படிக் கோடு போட்ட முகம் கிடையாது; அது அடர்த்தியான, குடைந்து செய்கிற மரம், அதன் வேலை வேறு.

ஸ்ப்ரூஸ்தான் என்று தெரிந்த பிறகு, முழுப் பலகையா ஒட்டா என்ற கேள்வி. ஸ்பெசிபிகேஷனில் வெறும் 'ஸ்ப்ரூஸ் டாப்' என்று போட்டிருந்தால் லேமினேட், அதாவது ஒட்டுப் பலகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பலகை போட்ட எந்தக் கம்பெனியும் 'சாலிட்' என்ற சொல்லை விடவே விடாது. யமஹாவையே எடுத்துக்கொண்டால் எஃப்310க்கு 'ஸ்ப்ரூஸ்' என்று மட்டும் இருக்கும், எஃப்ஜி800க்கு 'சாலிட் ஸ்ப்ரூஸ்' என்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த ஒரு சொல்லுக்குத்தான். 'செலக்ட் ஸ்ப்ரூஸ்' என்பதும் பெரும்பாலும் ஒட்டுதான்.

பழைய கிட்டார் வாங்கும்போது ஸ்பெசிபிகேஷன் கையில் இருக்காது. மே மாதம் காலேஜ் முடித்து ஊருக்குக் கிளம்பும் பையன்கள் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும்போது கிட்டாரையும் விற்றுவிட்டுப் போவார்கள். வேலூரில் நல்ல கிட்டார் மலிவாகக் கிடைக்கும் சீசன் அது. அப்படி ஒன்றைப் பார்க்க மாணவர் ஒருவரோடு சத்துவாச்சாரிக்குப் போயிருந்தேன். விற்கிற பையன் நல்ல மனதோடுதான் 'சாலிட் சிட்கா' என்று சொன்னான். அவனுக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, சவுண்ட் ஹோலின் விளிம்பில் போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன். மேல்முகத்தில் ஓடிவரும் ரேகை விளிம்பை அடைந்ததும் அப்படியே மடிந்து கனத்துக்குள் இறங்க வேண்டும். கழுத்துப் பக்க விளிம்பிலும் பிரிட்ஜ் பக்க விளிம்பிலும் பார்த்தால் மிக நன்றாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் பலகையின் குறுக்குவெட்டு வெளியே தெரிகிறது. அந்தக் கிட்டாரில் ரேகை விளிம்போடு நின்றுபோனது. அதற்குக் கீழே, வளையத்தைச் சுற்றிலும் ஒரே உயரத்தில், கொஞ்சம் கருத்த ஓர் அடுக்கு ஓடியது. நடுவில் வேறு மரம், மேலும் கீழும் வெனீர் என்கிற மெல்லிய ஸ்ப்ரூஸ் தகடு. பிளைவுட் அறுத்த முனையைப் பார்த்திருக்கிற எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். பையனுக்கும் புரிந்தது, லேமினேட் விலைக்கே பேசி முடித்தோம். என் மாணவர் இன்றும் அதைத்தான் வாசிக்கிறார்.

சில கிட்டார்களில் விளிம்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பார்கள். அப்போது பல் டாக்டர்கள் வைத்திருக்கிற மாதிரியான சின்னக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டு டாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே ஒரு கருங்கோடோ நிறம் மாறிய இடமோ இருந்தால், அதே இடத்தில் அடியிலும் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். இருந்தால் முழுப் பலகை. உள்ளே ரேகை வேறாக ஓடினால் ஒட்டுதான், சந்தேகமே வேண்டாம்.

லேமினேட் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய், வகுப்பறை மூலையில் சாத்திவைத்து, வெயிலில் திரும்பக் கொண்டுவருகிற கிட்டாருக்கு லேமினேட் டாப்தான் சரி. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது சுருங்குவதும் விரிவதும் குறைவு, வெடிப்பது அபூர்வம். சத்தம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், வாசிக்க வாசிக்கப் பெரிதாகத் திறந்துகொள்ளாது. தொடக்கத்தில் அது ஒரு குறையே இல்லை.

முழுப் பலகை என்றால்தான் அடுத்த கேள்விக்கே அர்த்தம் வருகிறது. எப்படி அறுத்தது? நல்ல டாப்புக்கு மரத்தைத் தர்பூசணிக் கீற்றுப் போட்ட மாதிரி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்து, அந்தக் கீற்றிலிருந்து பலகை எடுப்பார்கள். அப்படி எடுத்த பலகையின் முனையைப் பார்த்தால் வருஷ வளையங்கள் செங்குத்தாக நிற்கும். இதைக் குவார்ட்டர் சான் என்கிறார்கள். அந்த ஒரு பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரிப்பதுபோல் விரித்து நடுவில் ஒட்டினால் டாப் தயார். டிரெட்நாட் என்கிற பெரிய உடல் கிட்டாரின் அகலமான இடம் சுமார் 40 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு பாதிக்கே 20 சென்டிமீட்டர் வேண்டும், அதுவும் மரத்தின் நடுவுக்கும் பட்டைக்கும் இடையில் கணு இல்லாமல். பெருத்த பழைய மரங்களில்தான் அது கிடைக்கும். ஸ்ப்ரூஸ் வகைகளிலேயே மிகப் பெரிதாக வளர்வது சிட்கா. அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியாவின் வடக்குவரை பசிபிக் கரையோரமாக வளர்கிறது. கடைகளில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி சிட்காவாக இருப்பதற்கு ஒலியோடு இந்த உருவமும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் வேலை செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனால் மரம் அவருக்கு அத்துப்படி. என் டிரெட்நாட்டின் டாப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், குறுக்கால பட்டுமாரி மின்னுது பாரு. நேர் வெட்டு. ஏற்காட்டு சில்வர் ஓக்குல பூப்பூவா தெரியுமே, அந்த சமாச்சாரந்தான் இது. இதுல பொடிசா இருக்குது" என்றார். மிகச் சரி. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் அவை. பலகையைச் சரியாகக் கதிரின் திசையிலேயே அறுத்தால் அவை முகத்தில் கிடந்து, ரேகைக்குக் குறுக்கே சின்னச்சின்ன மினுமினுப்பாகத் தெரியும். சில டிகிரி சாய்ந்தாலே மறைந்துவிடும். கிட்டார்க்காரர்கள் இதை சில்க் என்கிறார்கள். டாப்பின் நடுவில் சில்க் இருந்து ஓரத்தில் மறைந்தால், ஓரத்தில் வெட்டு சாய்ந்திருக்கிறது என்று படிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மெல்லிய வெனீரிலும் சில்க் தெரியலாம். அதனால் முழுப் பலகைதானா என்ற சோதனைக்கு இதை நம்ப வேண்டாம்.

இந்த நேர் வெட்டு நம் ஊரில் ஏன் காசுக்குச் சமம் என்றால், ஸ்ப்ரூஸ் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்வரை கணக்குப் பார்த்தால், சிட்கா கதிரின் திசையில் சுமார் 4 சதவீதம்தான் சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையிலோ 7 சதவீதத்துக்கு மேல். நேர் வெட்டுப் பலகையின் அகலம் கதிரின் திசையில் அமைகிறது. சாய்ந்த வெட்டு அதைவிட அதிகம் ஆடும், கோணவும் செய்யும். மே மாத மத்தியானம் 40 டிகிரிக்கு மேல் காய்ந்து, ஐப்பசியில் மழையில் ஊறுகிற ஊரில் ஒவ்வொரு வருஷமும் டாப் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கிறது. எந்த ஸ்ப்ரூஸ் என்ற பெயரைவிட எப்படி அறுத்தது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று ரன்அவுட். மரம் வளரும்போது லேசாக முறுக்கிக்கொண்டு வளரும். அதை நேராக அறுத்தால் நார்கள் பலகையின் முகத்தோடு ஓடாமல், சாய்வாக மேல்முகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அப்படிப்பட்ட பலகையை விரித்து ஒட்டும்போது ஒரு பாதியில் நார் முனைகள் நம்மைப் பார்க்கும், மறுபாதியில் எதிர்ப்பக்கம் பார்க்கும். ஜன்னல் ஒன்றிலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிற இடத்தில் கிட்டாரை நிறுத்துங்கள். ஒரு பாதி வெளிறியும் ஒரு பாதி இருண்டும் தெரிகிறதா? இப்போது கிட்டாரைத் தலைகீழாகத் திருப்புங்கள். வெளிறிய பாதி இருண்டு, இருண்ட பாதி வெளிறினால் ரன்அவுட். எப்படித் திருப்பினாலும் அதே பாதிதான் கருப்பு என்றால், அது மரத்தின் நிறம்தான், கவலை இல்லை. கொஞ்சம் ரன்அவுட் நல்ல விலைக் கிட்டாரிலும் இருக்கும். அப்பட்டமாக இரண்டு நிறமாகத் தெரிந்தால் மட்டும் நான் யோசிப்பேன், ஏனென்றால் பலகையின் விறைப்பு நாரின் நீளத்தில்தான் இருக்கிறது. ரேகை நெருக்கம் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். அங்குலத்துக்கு இருபது கோடு இருந்தால் உயர்ந்தது, பத்து இருந்தால் மட்டம் என்று ஒரு பேச்சு. நம்பாதீர்கள். அகல ரேகை ஓடும் அருமையான டாப்கள் எத்தனையோ உண்டு.

இப்போது பெயர்களுக்கு வருவோம். சிட்காவின் உள்மரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு அல்லது தேநீர்ச் சாயல் இருக்கும், சில்க் எடுப்பாக இருக்கும். சிலவற்றில் நகத்தால் கீறிவிட்டதுபோன்ற குறுக்கு அலைகள் வரும். பேர்கிளா என்று அதற்குத் தனி மவுசு, ஒலிக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. எங்கல்மான் ராக்கி மலைத்தொடர் மரம். சிட்காவைவிட வெளுப்பு, எடையும் சற்றுக் குறைவு. அடிரான்டாக் என்று விற்பது அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ரெட் ஸ்ப்ரூஸ். ரேகை அகலமாகவும் சமமில்லாமலும் இருக்கும், சில இடங்களில் செம்பழுப்புக் கீற்று ஓடும். மார்ட்டின் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிட்டார்களில் இதைத்தான் அதிகம் போட்டது. பெரிய மரங்கள் தீர்ந்துபோக, 1940களின் நடுவில் சிட்காவுக்கு மாறியது. ஆல்ப்ஸ், கார்பேத்தியன் மலைகளில் வளரும் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் வயலினுக்குப் பேர்போனது. ஜெர்மன், இத்தாலியன், ஆல்பைன், கார்பேத்தியன் என்று எத்தனை பெயரில் விற்றாலும் மர இனம் ஒன்றே. நம் நாட்டிலும் ஸ்ப்ரூஸ் உண்டு, மேற்கு இமயமலையில். ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ தேடினால் கிடைக்காது.

படிக்க இது தெளிவாக இருந்தாலும், முடிந்த கிட்டாரின் டாப்பைக் கண்ணால் பார்த்து மட்டும் இன்ன ஸ்ப்ரூஸ் என்று அடித்துச் சொல்வதை ஏற்காதீர்கள். வெயில் பட்டாலும் வயதானாலும் எல்லா ஸ்ப்ரூஸும் மஞ்சளாகும். பழசாகக் காட்ட வார்னிஷிலேயே சாயம் கலக்கிறார்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் வறுத்தெடுத்த டாரிஃபைட் டாப் பழுப்பேறி, சீடர் மரமோ என்று மயங்க வைக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் ரெட், ஒயிட், பிளாக் ஸ்ப்ரூஸ் மூன்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் மரத்தை மட்டும் கொண்டு பிரிக்க முடியாது. கம்பெனியின் மாடல் எண்ணும், செய்தவரின் சொல்லும்தான் ஆதாரம். கண் சொல்வது ஊகம்.

ஒலியில் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு என்பதே என் அனுபவம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு டாக்டரிடம் எங்கல்மான் டாப் டிரெட்நாட் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் சர்ச் தம்பி ஒருவர் லீவில் வந்தபோது அடிரான்டாக் டாப் கொண்டுவந்தார். என்னுடையது சிட்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு ஹாலில் மூன்றையும் வைத்துக் கேட்டோம். அதற்கு முன்பே மூன்றுக்கும் ஒரே செட் புதுக் கம்பி மாட்டச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் பழைய கம்பிக்கும் புதுக் கம்பிக்கும் உள்ள வித்தியாசம் எந்த ஸ்ப்ரூஸ் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். ஒரே பிக், வாசிப்பவர் ஒருவரே, கேட்கிறவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும், ஃபேனை நிறுத்திவிட வேண்டும். வேர்த்து ஊற்றியது, ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

விரலால் மெதுவாக மீட்டியபோது எங்கல்மான்தான் எல்லோருக்கும் பிடித்தது. தொட்டதும் பேசியது, கீழ்ச்சுரங்கள் மெத்தென்று இருந்தன. அதே ஜி கார்டை வரவர ஓங்கி அடிக்கச் சொன்னேன். ஒரு கட்டத்துக்குமேல் எங்கல்மானில் சத்தம் கூடவில்லை. கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கி, கம்பியின் கிளிக் ஓசை மட்டும் கூடியது. அடிரான்டாக் மெதுவாக வாசிக்கும்போது கொஞ்சம் பிகு பண்ணியது. ஓங்கி அடிக்க அடிக்கத் திறந்துகொண்டு, கடைசிவரை ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்றது. என் சிட்கா இரண்டுக்கும் நடுவில். பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றி வாசித்தபோது எங்கல்மானைப் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள், சிட்காவையும் அடிரான்டாக்கையும் பலரும் மாற்றிச் சொன்னார்கள். மூன்றும் வேறு வேறு கைகள் செய்தவை, பிரேசிங்கும் டாப்பின் கனமும் வேறு. அதனால் மரத்தை மட்டும் கேட்டோம் என்று சொல்ல மாட்டேன். மூன்று கிட்டார்களைக் கேட்டோம்.

அன்றைக்குச் செய்ததையே கடையில் தனியாகவும் செய்யலாம். ஒரே கார்டை மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய், சத்தம் நின்று கரகரப்பு மட்டும் கூடுகிற இடம் எது என்று கேளுங்கள். சர்ச்சில் மைக் இல்லாமல் முழுப் பாடலும் ஸ்ட்ரம் செய்கிறவருக்கு அந்த இடம் தள்ளி இருக்க வேண்டும், சிட்காவோ அடிரான்டாக்கோ பொருந்தும். வீட்டில் ராத்திரி விரலால் வாசிக்கிறவருக்கு எங்கல்மான், அல்லது ஸ்ப்ரூஸை விட்டு சீடர் பக்கமே போகலாம். பிறகு ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரிசையில், மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃபிரெட், முதல் கம்பியில் பன்னிரண்டாவது ஃபிரெட்: ஒற்றைச் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படித் தேய்கிறது என்று கேளுங்கள். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு பிரிட்ஜ் பக்கத்தில் விரல்நுனியால் தட்டினால் நல்ல டாப் ஆழமாகக் குரல் கொடுக்கும். மந்தமாக 'டொக்' என்று அடங்குவதைக் கீழே வைத்துவிடலாம். வேலூரில் இத்தனை மாடல் ஓரிடத்தில் கிடைக்காது. காட்பாடியில் ரயில் ஏறி சென்னைக்கே போய், சனி ஞாயிறு கூட்டம் இல்லாத ஒரு காலை நேரத்தில், உங்கள் பிக்கோடு போய் வாசியுங்கள்.

வாங்கிக்கொண்டு வந்தபின் இருக்கிறது உண்மையான வேலை. சாலிட் டாப்புக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை கேசுக்குள் போட்டு வையுங்கள். கத்திரி வெயிலில் எண் சரசரவென்று இறங்கும், ஏசி அறையிலும் அப்படியே. டாப் சுருங்கிக் கொஞ்சம் உள்வாங்கும், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையிலான உயரமான ஆக்‌ஷன் தாழும், கம்பி ஃபிரெட்டில் இழையும். ஃபிரெட் முனைகள் கழுத்தோரம் கையைக் கீறத் தொடங்கினால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், விரிசலுக்கு முந்தைய எச்சரிக்கை அது. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து கேசுக்குள் மூடினால் போதும். தண்ணீர் சொட்டக் கூடாது. ஏர் கூலருக்கு எதிரே கிட்டாரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், ஈரக் காற்று நேராக ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்கும். மூடிய காருக்குள் வெயிலில் சூடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். பசை இளகி, அந்த 70 கிலோ இழுப்பில் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். கோட்டைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கடைக்குப் போனாலும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டே போங்கள்.

மழைக்காலத்தில் இதெல்லாம் தலைகீழ். டாப் உப்பி ஆக்‌ஷன் ஏறும், சத்தம் மந்தமாகும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். ஆக்‌ஷன் ஏறியதற்காக உடனே சேடிலைத் தேய்த்து இறக்கிவிடாதீர்கள், தை மாதம் காற்று காய்ந்ததும் டாப் தானாக இறங்கி கம்பி ஃபிரெட்டில் உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு பார்த்தும் ரேகையோடு ஒரு மயிரிழை விரிசல் விட்டுவிட்டால், பிரிட்ஜுக்குப் பின்னாலும் பிக்கார்டு ஓரத்திலும்தான் பெரும்பாலும் வரும். இன்ஸ்டன்ட் பசையை அதில் ஊற்றிவிடாதீர்கள், அது மரத்துக்குள் ஊறிக் கெட்டியானால் பிறகு யாராலும் சுத்தமாக ஒட்ட முடியாது. கம்பியைத் தளர்த்தி, கேசுக்குள் ஈரம் வைத்து ஓரிரு வாரம் மூடி வையுங்கள். மரம் பழைய அகலத்துக்குத் திரும்பும்போது விரிசல் பெரும்பாலும் தானே நெருங்கி மூடும். அதன்பிறகு விவரம் தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தால், மரப்பசை விட்டு, அடிப்பக்கம் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை ரேகைக்குக் குறுக்காக ஒட்டிக் கொடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், சத்தத்திலும் ஒரு குறையும் வராது.